அப்பா சேர்த்துவைத்த பழைய இதழ்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடந்த ஆண்டு காலமான என் தந்தை, கும்பகோணத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். மாணவப் பருவம் முதல் அவர் சேர்த்துவைத்த இதழ்கள் வீட்டுப் பரணிலும் தகரப்பெட்டிகளிலும் நிறைந்திருக்கின்றன. கல்கி, ஆனந்த விகடன், கலைமகள், மஞ்சரி, தீபம் ஆகியவற்றோடு, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொகுதிகளும், நான் பெயர்கூடக் கேள்விப்படாத மெல்லிய இதழ்கள் பலவும் இருக்கின்றன. இப்போது வீட்டை விற்கப்போகிறோம். சென்னையில் நான் வசிக்கும் சிறிய அடுக்ககத்தில் இவை அனைத்துக்கும் இடமில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை யாரிடம் கொடுப்பது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அண்ணனிடம் சில வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பட்டியல் ஒன்று தயாராகும் வரையில் ஓர் இதழ்கூட வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதழின் பெயர், ஆண்டு, மாதம், அட்டையிலோ முதற்பக்கத்திலோ அச்சாகியிருக்கும் மலர் எண், இதழ் எண், அட்டை இருக்கிறதா, பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். அட்டைகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்த நூலகத்தை அணுகினாலும் அவர்கள் முதலில் கேட்கப்போவது இந்தப் பட்டியலைத்தான்.

பட்டியல் போடும்போது, பெயர்கூடக் கேள்விப்படாதவை என்று நீங்கள் குறிப்பிட்ட அந்த மெல்லிய இதழ்களை முதலில் எடுங்கள். உங்கள் தந்தையின் சேகரிப்பில் ஈடு செய்ய இயலாத பகுதி பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கல்கியும் விகடனும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனவை. அவற்றின் பழைய ஆண்டுகளைப் பல நூலகங்களும் சேகரிப்பாளர்களும் வைத்திருக்கிறார்கள். சிற்றிதழ்களின் கதை வேறு. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’, சந்தாதாரர்களை நம்பி நடந்த சிறிய இதழ். தமிழ்ப் புதுக்கவிதை வேரூன்றிய இடம் அது. அத்தகைய இதழ்களுக்காவது பெயர் நிலைத்தது. ஊர் இலக்கிய மன்றமோ ஆசிரியர் சங்கமோ சில காலம் நடத்தி நிறுத்திய இதழ்கள், பள்ளி ஆண்டுமலர்கள், குடமுழுக்கு மலர்கள் போன்றவற்றை எவரும் பாதுகாக்கவில்லை. 1956, 1968 ஆண்டுகளின் மகாமகங்களை ஒட்டி உங்கள் ஊரில் வெளிவந்த மலர் ஏதேனும் அப்பெட்டிகளில் இருக்குமானால், அதன் இன்னொரு பிரதி எங்கும் இல்லாமலே போயிருக்கலாம். பளபளப்பான தீபாவளி மலர்களைப் பத்திரப்படுத்திவிட்டு இவற்றைக் கடைக்கு அனுப்புவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களையும் இதழ்களையும் மட்டுமல்லாமல், நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்ததால், 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று; இன்று அது சென்னைத் தரமணியில் இயங்குகிறது. சமூக வரலாறு, அச்சு வரலாறு, நாடக வரலாறு எழுதுவோர் அங்கே தேடிப்போவதற்கு, மற்றவர்கள் கழித்துப்போட்ட தாள்களை அவர் வைத்திருந்ததே பெரிய காரணம்.

அடுத்து, பைண்டு தொகுதிகள். வாரந்தோறும் வந்த தொடர்கதையைப் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டி வாங்கிவைப்பது ஒரு தலைமுறையின் வழக்கமாக இருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது அவ்வாறு எத்தனையோ வீடுகளில் தொகுதிகள் உருவாயின. கதை இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது; ஆனால் மணியம் வரைந்த படங்கள் அந்தந்த வாரத்துப் பக்க அமைப்பில் இருந்த விதமும், தாளின் மறுபக்கத்தில் தற்செயலாகத் தப்பிப் பிழைத்த விளம்பரமும் துணுக்கும் அங்கே மட்டுமே இருக்கின்றன. இவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் தந்தை தம் கையால் உருவாக்கியவை அவை, ஓர் அலமாரித் தட்டுக்குள் அடங்கிவிடும். பைண்டு தளர்ந்திருந்தாலும் அவசரப்பட்டுப் புதிதாகப் போடக் கொடுக்காதீர்கள். மூன்று பக்கமும் வெட்டித் தரும் பைண்டரிடம் ஓரத்து வரிகள் போய்விடும். கதையை எடுத்த பிறகு எஞ்சிய இதழ்களும் பரணில் இருக்குமானால், அவற்றைக் குறையுள்ளவை என்று ஒதுக்கிவிடாமல், எந்தப் பக்கங்கள் இல்லை என்பதைப் பட்டியலில் குறித்துவையுங்கள்.

இவற்றோடு, உங்கள் தந்தையின் வாசகர் கடிதமோ கவிதையோ வெளியான இதழ்களையும், ஓரங்களில் அவர் குறிப்பு எழுதிய இதழ்களையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குத் தகுந்த நிறுவனத்தைத் தேடுங்கள். ரோஜா முத்தையா நூலகம், சென்னையிலுள்ள மறைமலையடிகள் நூல்நிலையம், புதுக்கோட்டை ஞானாலயா ஆகியவற்றுக்கும், உங்களுக்கு அருகிலேயே உள்ள தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கும் பட்டியலை அனுப்பிப் பாருங்கள். அவர்களிடம் இல்லாதவற்றை மட்டுமே கேட்கக்கூடும். ஆகவே தொகுப்பு இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரிந்து போவதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் ஓர் இதழின் தொடர்ச்சியான ஆண்டுகளைப் பிரிக்காதீர்கள். பன்னிரண்டு இதழ்களும் சேர்ந்த ஓர் ஆண்டு ஆய்வாளருக்கு எவ்வளவு பயன்படுமோ, சிதறிய பன்னிரண்டு இதழ்கள் அவ்வளவு பயன்படமாட்டா. கொடுப்பதற்கு முன்பு, ஏற்கெனவே தங்களிடம் உள்ள இதழ்களுக்கு இன்னொரு பிரதி வந்தால் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைக் கடிதமும் அவசியம். ‘மல்லிகை’ போன்ற ஈழத்து இதழ்கள் இருந்தால், அவற்றை மின்வடிவமாக்கிவரும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டு வீடுகளில் தங்கிய ஈழத்துப் பிரதிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

விற்பதிலும் தவறில்லை. பணம் தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. பழைய இதழ்களைத் தேடி வாங்குவோரும் உண்டு. ஆனால் வண்ண அட்டைகளையும் சிறப்பு மலர்களையும் மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கொடுத்தால் எஞ்சியது பிறகு எவருக்கும் வேண்டாததாகிவிடும். கரையான் தின்று உதிர்ந்தவற்றையும், அண்மைக்கால வார இதழ்களின் உதிரிப் பிரதிகளையும் மன உறுத்தல் இல்லாமல் எடைக்குப் போடலாம்.

கேள்வி: என்னிடமுள்ள 1950-களின் வார இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைக்க விரும்புகிறேன். சட்டம் இடம் தருமா?
(வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் சொந்த வாசிப்புக்காக மின்படி எடுத்துக்கொள்வது வேறு, பொதுவில் வெளியிடுவது வேறு. இந்தியாவில் எழுத்துக்கும் ஓவியத்துக்குமான பதிப்புரிமை, படைத்தவர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அது கணக்கிடப்படும். ஒரே இதழுக்குள் இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவதுதான் சிக்கல். எழுத்தாளர் கல்கி 1954-இல் மறைந்ததால் அவர் எழுத்துக்கான காலம் 2014-உடன் முடிந்துவிட்டது. அதே பக்கத்தில் படம் வரைந்த மணியம் 1968-இல் மறைந்தார் என்பதால் அந்த ஓவியங்களுக்கு 2028 முடிய உரிமை உண்டு. அந்த இதழில் சிறுகதை எழுதிய இன்னொருவர் அண்மைக்காலம் வரை வாழ்ந்திருக்கலாம். ஆகவே முழு இதழையும் நீங்களே வெளியிடுவதைவிட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற அமைப்பை அணுகி, உரிமை குறித்த முடிவை அவர்களிடம் விடுவது நல்லது. ஸ்கேன் செய்யும்போது முதுகைப் பிரிக்காதீர்கள். விளம்பரப் பக்கங்களையும் பின்னட்டையையும் விட்டுவிடாதீர்கள். பழைய விலைவாசியையும் வீட்டுப் பொருள்களையும் அறிய விரும்புவோர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான். மின்படி எடுத்தாயிற்று என்பதற்காக மூல இதழைக் கழித்துவிடவும் வேண்டாம்.

கேள்வி: பழைய இதழ்கள் தொட்டாலே நொறுங்குகின்றன. வீட்டிலேயே பாதுகாக்க எளிய வழி உண்டா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மரக்கூழில் செய்த மலிவான தாளில் தங்கிவிடும் லிக்னின் என்ற பொருள், ஒளியும் காற்றும் படப்பட மஞ்சளித்து அமிலமாக மாறி இழைகளை அறுக்கிறது, நொறுங்கிய தாளை வீட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. மேலும் சிதையாமல் தடுக்க முடியும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரண் கோடையில் மிகவும் சூடாகிவிடும் என்பதால் முதலில் அங்கிருந்து இறக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில், தரையிலிருந்து சற்று உயரமான தட்டில், சிறு சிறு அடுக்குகளாகப் படுக்கவைத்து அடுக்குங்கள். துருப்பிடித்த பின்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேஷன் செய்தால் பிறகு தாளைப் பிரித்தெடுக்கவே முடியாது. அந்துருண்டை தாளில் படக்கூடாது, மக்கள் உறங்கும் அறையில் அதை வைப்பதும் உடலுக்கு நல்லதல்ல. இராமபாணப் பூச்சி ஈரத்தையும் இருட்டையும் தேடி வருவது. மழைக்காலம் முடிந்ததும் இதழ்களை வெளியே எடுத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வைத்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டி மறுபடி அடுக்கினால் அதன் தொல்லை பெரிதும் குறையும். பூச்சி அரித்த இதழைக் கண்டால் உடனே தனி உறையில் போட்டு மற்றவற்றிடமிருந்து விலக்கிவையுங்கள்.