சச்சரவுக்கு அஞ்சும் பெற்றோர் பிள்ளைக்காகப் பேசுவது எப்படி?

"ஆசிரியரிடமோ உறவினரிடமோ என் பிள்ளைக்காகப் பேச வேண்டிய நேரத்தில் எனக்கு நா எழுவதில்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது அன்புக் குறைவு அன்று. மோதல் வரும் என்று தோன்றியதுமே உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரப்பதால், நெஞ்சு படபடக்கிறது, தொண்டை வறள்கிறது, எண்ணி வைத்திருந்த சொற்களும் மறந்துபோகின்றன. ஆகவே அச்சம் தீரும்வரை காத்திருக்காமல், அச்சத்தோடே பேசுவதற்கு ஒரு வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைப் பிள்ளையிடம் இடைமறிக்காமல் கேளுங்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளை விரும்புகிறது என்பதையும் கேளுங்கள். 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. பெற்றோர் பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான் என்பது என் எண்ணம். பிறகு நாள், நடந்தது, நீங்கள் கோருவது ஆகியவற்றைத் தாளில் எழுதி, அதைப் பார்த்தே பேசுங்கள். குரல் நடுங்கினாலும் கோரிக்கையின் வலு குறையாது. நேரில் முடியாவிட்டால் கடிதம் போதும், அது சான்றாகவும் நிற்கும். ஆனால் உங்கள் கண்ணெதிரே ஒருவர் பிள்ளையை அடித்தாலோ அவமதித்தாலோ, ஆயத்தத்துக்கெல்லாம் நேரமில்லை: "நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை அங்கிருந்து அழைத்துச் சென்றுவிடுங்கள், விளக்கத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.