கல்லூரியில் இருந்து திபெத்தியக் கிராமத்துக்கு ஒரு வார சேவைப் பயணம் கூப்பிடுகிறார்கள். போவதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் அங்கே என்ன வேலை என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் சுற்றறிக்கை வந்திருக்கும், பெயர் கொடுக்கக் கடைசித் தேதி இருக்கும், "குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல், பள்ளிச் சுவரில் ஓவியம்" என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நான் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியர். கர்நாடகத்தில் கொள்ளேகால் அருகே ஒடையர்பாளையாவில் இருக்கும் தோண்டன்லிங் என்ற திபெத்திய அகதிகள் குடியிருப்புக்கு மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். 1961-ல் தொடங்கிய, மைசூர்ப் பக்கத்துத் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பே எல்லோருக்கும் தெரியும், தங்கக் கோயில் பார்க்க வண்டி வண்டியாகப் போகிறார்கள். தோண்டன்லிங் 1970-களில் வந்த குடியிருப்பு. சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஆசனூர் தாண்டிப் போக வேண்டும். குத்தகை நிலத்தில் மானாவாரி மக்காச்சோளம், சுற்றிலும் யானை நடமாடும் காடு.

நாங்கள் போனது ஐப்பசி மாதம். வீடுகளில் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். உழைக்கும் வயதில் இருப்பவர்கள் ஸ்வெட்டர் விற்கக் கிளம்பிவிட்டார்கள். லூதியானாவில் சரக்கு எடுத்து, குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகக் கடை போடுவார்கள். நம் ஊர்களில் தெருவோரம் பார்க்கிறோமே, அதேதான். இந்தக் குடும்பங்களுக்கு வருடத்தின் பெரிய வருமானம் அந்தச் சில மாதங்களில்தான். இங்கே கதிர் முற்றி நிற்கும் நேரமும் அதுவே.

முதல் நாளே ஆங்கில வகுப்புத் திட்டத்தை மூட்டை கட்டி வைத்தோம். அந்தப் பிள்ளைகள் எங்கள் மாணவர்களைவிட நன்றாக ஆங்கிலம் பேசினார்கள். குடியிருப்பை நிர்வகிக்கும் செட்டில்மென்ட் அலுவலகத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு இப்போது என்ன செய்தால் உதவி?" என்று கேட்டேன். யானை இறங்குவதற்குள் கதிர் ஒடித்துக் களம் சேர்க்க ஆள் வேண்டும் என்றார்.

எங்கள் குழுவில் உடுமலைப் பக்கத்துப் பையன் ஒருவன். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். அவன் வீட்டிலும் மக்காச்சோளம்தான், கோழித்தீவனத்துக்குப் போகிறது. 2018-ல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்தபோது அப்பாவின் வயல் அழிந்ததைப் பார்த்தவன். வயலுக்குள் போனதும் ஒரு கதிரின் தோலைப் பிரித்துப் பார்த்து, "இங்கேயும் வந்திருக்குங்க சார்" என்றான். அந்த வயலில் பயிர் வைத்திருந்த திபெத்தியப் பாட்டி அருகில் வந்து, "தம்பி எந்த ஊரு? கோயம்புத்தூரா?" என்று தமிழில் கேட்டார். பல வருடம் ஈரோட்டிலும் கோவையிலும் ஸ்வெட்டர் விற்றவராம். அப்புறம் இரண்டு பேரும் புழுவைப் பற்றியும் மருந்தடிக்கும் செலவைப் பற்றியும் வியாபாரி வைக்கும் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மற்ற மாணவர்கள் அவனிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்தார்கள். ஆசிரியராக எனக்கு அதைவிடப் பெருமையான நாள் கிடையாது. பொருளாதாரப் பாடத்தில் நான் குறைந்தபட்ச ஆதரவு விலை நடத்தியிருக்கிறேன். அந்தப் பேச்சில் இருந்த விவரம் என் வகுப்பில் இருந்ததில்லை.

"ஒரு வாரம் கதிர் ஒடித்தால் அவர்கள் வாழ்க்கை மாறிவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். மாறாது, மாறும் என்று நான் சொல்லவும் இல்லை. இளைஞர்கள் வெளிநாடு போகிறார்கள், பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள், நிலம் சொந்தமில்லை. இதில் எதையும் ஒரு மாணவர் குழு தீர்க்க முடியாது. ஆனால் அந்த வாரம் களத்துக்கு வந்த மக்காச்சோளம் நிஜம்.

"நம் ஊரிலேயே ஏழைகள் இல்லையா?" என்றும் கேட்பார்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் போகிற வழியில், மலை ஏறுவதற்கு முன்பே, பவானிசாகரில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். அங்கே பிறந்து வளர்ந்து கல்லூரி முடித்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. அங்கேயும் மாணவர்களை அழைத்துப் போகிறேன் என்று எங்கள் நிர்வாகத்திடம் கேட்டேன். "அனுமதி, விசாரணை என்று தொந்தரவு வரும், வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். திபெத்தியக் கிராமம் என்றால் மட்டும் கொடியும் மடாலமும் படத்தில் நன்றாக விழும், கல்லூரி அறிக்கைக்கு, எடுத்த இடம் பதிந்த ஜியோடேக் புகைப்படம் கிடைக்கும். இரண்டு இடத்திலும் இருப்பது நாடிழந்த மக்கள்தானே? எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை. திபெத்தியர்களுக்குச் செய்யக் கூடாது என்று இதைப் படிக்காதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் வெளிநாட்டு மாணவர் இருந்தால், குடியிருப்பில் தங்க உள்துறை அமைச்சகத்தின் சிறப்பு அனுமதி வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு அது தேவையில்லை. திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் பகலிலேயே ஏறிவிடுங்கள். தேதி குறிக்கும் முன் உங்கள் பேராசிரியரை செட்டில்மென்ட் அலுவலகத்துக்கு போன் செய்யச் சொல்லுங்கள். இந்த மாதம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் தேதியை மாற்றுங்கள். கல்லூரி மாற்ற மறுத்தால் பெயர் கொடுக்காதீர்கள்.