தோலோடு சதையும் போகிறதே! தோல் சீவும் மெஷின் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரின் செனோக்கோவில் உள்ள எங்கள் மத்திய சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவும் மெஷின் முன்பு 2 நிமிடத்தில் முடித்த வேலையை இப்போது 4 நிமிடம் இழுக்கிறது. 25 கிலோ போட்டால் 17 கிலோதான் தேறுகிறது. அப்படியும் அங்கங்கே தோல் ஒட்டியிருக்கிறது. தினமும் வேலை முடிந்ததும் வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவத்தான் செய்கிறோம். தோலைச் சுரண்டும் கார்போரண்டம் (சொரசொரப்பான தேய்ப்புத் துகள்) தட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: புதுத் தட்டுக்கு ஆர்டர் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் அந்த வெந்நீரை நிறுத்துங்கள். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினால் கஞ்சியாகிவிடும். சொரசொரப்பான பரப்பில் படிந்த மாவின் மேல் வெந்நீரை அடிப்பது அங்கேயே பசை காய்ச்சுவதற்குச் சமம். நாள்தோறும் ஒரு பூச்சு ஏறி, கரடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் தூர்ந்துவிடுகிறது. பிறகு தட்டு தோலைச் சீவாது, தேய்க்கும். வழுக்கும் இடத்தில் தோல் நிற்கும், நேரம் கூடக்கூட மேட்டுப் பகுதியில் சதை கரையும். நீங்கள் இழப்பது 32 சதவீதம்!

மெஷின் நின்றதும் ஐசோலேட்டரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுவுகிறவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டைக் கழற்றி, ஈரம் காய்வதற்குள் குழாய்த் தண்ணீரில் அலசி, கெட்டியான நைலான் பிரஷால் தேயுங்கள். மாவு முழுக்கப் போனபின் வெதுவெதுப்பான நீரும் காரச் சோப்பும் போடலாம், 50 டிகிரிக்கு மேல் வேண்டாம். உடல் வார்ப்பு அலுமினியம் என்றால் காஸ்டிக் கலந்த எதுவும் ஆகாது, அரித்துவிடும். காந்தம் ஒட்டவில்லையே, எஸ்எஸ்தான் (துருப்பிடிக்காத எஃகு) என்று முடிவு கட்டாதீர்கள். எஸ்எஸ் 304-லும் காந்தம் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. கையேட்டைப் பாருங்கள். கிருமிநீக்கத்துக்கு 5 சதவீத பிளீச் என்றால் லிட்டருக்கு 4 மில்லி போதும், அதுவே 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு). இரவு முழுக்க ஊறவிட்டால் எஸ்எஸ்-ஸிலும் புள்ளிப்புள்ளியாகக் குழி விழும்.

இத்தனைக்கும் பிறகு, காய்ந்த தட்டை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் சொரசொரப்பும் ஓரத்தில் வழவழப்பும் இருந்தால் தேய்மானம்தான், மாற்றிவிடுங்கள். கரடு உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். உதிர்ந்த துகள் கிழங்கில் குத்தி நிற்கும். அது உலோகம் இல்லை என்பதால் லைன் கடைசியில் உள்ள மெட்டல் டிடெக்டரை நம்பிப் பயனில்லை.

மாதம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். ஒரே அளவுக் கிழங்கு 10 கிலோ, ஒரு நிமிடம் ஓட்டி, 2 நிமிடம் நீர் வடித்து நிறுங்கள். பிறகு 30 விநாடிக்கு ஒருமுறை இதையே செய்து எழுதி வையுங்கள். எந்த இடத்தில் தோல் போய்விட்டதோ அதுவே உங்கள் நேரம். கண்களெல்லாம் போகும்வரை ஓட்டக் கூடாது, அவை கத்தியால் தோண்ட வேண்டியவை. பெரியதையும் சிறியதையும் கலந்து கொட்டினாலும் பெரியது சீவப்படுவதற்குள் சிறியது பாதியாகிவிடும். கொள்ளளவுக்கு மேல் அடைத்தால் கிழங்கு புரளாமல் மொத்தமாகச் சுற்றும், ஒரு பக்கம் மட்டும் தட்டையாகும்.

இன்னொன்று: மெஷினுக்கு அடியில் ஈரம் தெரிகிறதா? ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டின் வழியே நீர் புகாமல் தடுக்கும் வளையம்) போயிருக்கலாம். பேரிங்கில் கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், கிரீஸ் எச்1 வகையாக (தவறி உணவில் பட்டாலும் ஏற்கத்தக்கது) இருக்கட்டும். அளவுக்கு மீறித் திணித்தால் கிரீஸே புது சீலைத் தள்ளிவிடும்.

கேள்வி: பூண்டு உரிக்கும் காற்று மெஷினில் காலையில் பாதிப் பல் தோலோடு வருகிறது, மதியத்துக்கு மேல் பரவாயில்லை. கம்ப்ரசரில் காற்றழுத்தம் 7 பார் காட்டுகிறது. (பாண்டான் லூப் வாசகர்)

பதில்: ஈரம்தான் காரணம், அது இரண்டு வழியாக வருகிறது. குளிர் அறையிலிருந்து காலையில் நேரே எடுத்த பூண்டின் மேல் நம் ஊர்க் காற்று பட்டதும் வியர்க்கும், தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும். முந்தின நாளே ஏசி போட்ட உலர்ந்த அறைக்கு மாற்றி, பல்லாகப் பிரித்துப் பரப்பி வையுங்கள்.

அடுத்தது கம்ப்ரசர். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீர் உண்டு. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இழுக்கும் கம்ப்ரசரில் அழுத்தி ஆறும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிரியும். ராத்திரி டாங்கியில் தேங்கியது காலையில் முதல் ஆளாகப் பூண்டின் மேல் பாய்கிறது. வேலை தொடங்குமுன் டாங்கியை வடித்துவிடுங்கள். காற்றை உலர்த்தும் டிரையரின் ஆட்டோ டிரெய்ன் (தானாக நீர் வடியும் வால்வு) அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

7 பார் என்பது கம்ப்ரசரில் உள்ள கணக்கு. உரிக்கும் உருளைக்குப் பக்கத்தில் ஒரு கேஜ் வைத்து, ஓடும்போது பாருங்கள். அங்கே 5-க்கு இறங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது குழாய் சிறியது. கம்ப்ரசரின் அழுத்தத்தை ஏற்றி வைப்பது இதற்கு மருந்தல்ல.

கேள்வி: மெஷினை இடம் மாற்றியபின் ரோலர் பின்பக்கமாகச் சுற்றுகிறது. மோட்டார் கெட்டதா?

பதில்: இல்லை. மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் மின்கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகும். உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யட்டும், அதுவரை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: சீவிய தோலைக் கழிவுநீரோடு விட்டுவிடலாமா? வாரம் இருமுறை குழாய் அடைக்கிறது.

பதில்: கூடாது. பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம் வைத்திருக்கும் வரம்பு: மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 400 மில்லிகிராம், பிஓடி (கழிவு மக்க நீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன்) 400 மில்லிகிராம், பிஎச் (அமில-காரத் தன்மை) 6 முதல் 9 வரை. தோல் கலந்த நீர் இதைச் சுலபமாகத் தாண்டும். மெஷின் வாயிலில் கம்பி வலைக்கூடை, அதற்கப்பால் மாவு அடியில் தங்க ஒரு தொட்டி வையுங்கள். தொட்டியை நாள்தோறும் அள்ளுங்கள். விட்டால் புளித்து நாறும், அடியில் சிமெண்டுபோல இறுகும். காரச் சோப்பு நீரை ஒரேயடியாகக் கொட்டாமல், பிஎச் பார்த்துவிட்டு விடுங்கள்.