அரண்மனைக்கு வெளியே: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பெருவின் சான் சான் நகரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மதில், மன்னர், தங்கம் எல்லாம் சரி. அந்தத் தங்கத்தைத் தட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அடிமைகளா? கடைசியில் என்ன ஆனார்கள்?

ரா. மு.

அன்புள்ள ரா. மு.,

பெருவின் வட கடலோரத்தை இன்காக்களுக்கு முன் ஆண்ட சிமு அரசின் அந்தத் தலைநகரில் பெரும்பாலானவர்கள் வாழ்ந்தது அரண்மனை மதில்களுக்கு வெளியேதான். உள்ளே மன்னரும் கிடங்குகளும். வெளியே ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள். கூழாங்கல் அடித்தளம், அதன்மேல் நாணல் தட்டி, மண் பூச்சு, அவ்வளவுதான். மழை எட்டிப்பார்க்காத கடலோரப் பாலைவனத்தில் அதற்குமேல் எதற்கு?

ஜான் டோபிக் என்ற ஆய்வாளர் இந்த வீடுகளைத் தோண்டினார். எனக்கு அரண்மனைகளைவிட சுவாரசியமானது அவருக்குக் கிடைத்த குப்பைதான். அடுப்பு, அரைகல், பெரிய ஜாடிகள், பக்கத்திலேயே தக்களியும் உலோகம் தட்டும் கல் சுத்தியலும். சமையலும் பட்டறையும் ஒரே கூரைக்கடியில். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதித் தறியை நினைத்துப் பாருங்கள்: ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்தால் பாவு (நீளவாட்டு நூல்) விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். உடம்பே தறியின் பாதி. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம், அடுப்பங்கரை ஓரமே போதும். கறிக்கு லாமா என்ற ஒட்டக இன விலங்கும் கினிப்பன்றியும். குடிக்க, மக்காச்சோளத்தை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்கவைத்த சிச்சா.

ஆனால் இந்த வீடுகளில் உழவுக் கருவியோ மீன்பிடிக் கருவியோ அதிகம் இல்லை. முழுநேரக் கைவினைஞர்கள். சோளமும் மீனும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும், மலையிலிருந்து கம்பளியும் உலோகமும். லாமாக்களில் சுமையேற்றி வந்தவர்கள் தங்க நகரின் நடுவிலேயே விடுதிகள் இருந்தன. பருத்தி மட்டும் கடலோரத்திலேயே விளைந்தது.

அடிமைகளா என்றால், அந்தச் சொல் பொருந்தாது என்பதே என் கணிப்பு. அவரவர் வீட்டில் அவரவர் அடுப்பும் சேமிப்பும் இருந்தன. அதற்காகச் சுதந்திரமானவர்கள் என்றும் சொல்லமாட்டேன். செய்த நல்ல பொருளெல்லாம் போய்ச் சேர்ந்தது மதிலுக்குள்தான்.

என்ன ஆனார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 1470 வாக்கில் ஆண்டீஸ் மலைப் பேரரசினரான இன்காக்கள் சிமு அரசை வென்றார்கள். மன்னரோடு கைவினைஞர்களையும் தங்கள் தலைநகரான குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். பொன் வேலை தெரிந்த கைகள் இன்காவுக்கும் வேண்டியிருந்தன. அதன்பிறகு சான் சானில் பெரிதாக எதுவும் கட்டப்படவில்லை.