டிராயிங் மாஸ்டர் பதில்கள்

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களைப் பார்த்து வாய் பிளந்தேன். ‘வண்ணமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது அத்தை’ என்று மருமகன் சொன்னதும் சப்பென்று ஆகிவிட்டது. நம்மை ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, தென்காசி

பதில்: மருமகன் சொன்னது சரிதான் அம்மா. ஆனால் வண்ணம் ஏற்றினாலே பொய் என்று யாராவது பேசினால், முப்பத்தோரு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். டிவி ரிமோட்டின் மூக்கைக் கைபேசி கேமராவுக்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைபேசித் திரையில் மட்டும் ஊதாவாகவோ வெள்ளையாகவோ ஒரு பொட்டு மினுக்கும். (பின்பக்கக் கேமராவில் வராவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.) அதுதான் அகச்சிவப்பு ஒளி. தினமும் நம் கூடத்தில் பறந்துகொண்டுதான் இருக்கிறது, பார்க்கத்தான் நமக்குக் கண் இல்லை. ஜேம்ஸ் வெப் முக்கியமாகப் பார்ப்பது இந்த ஒளியைத்தான்.

2022 ஜூலையில் வந்த முதல் படங்களில் கரீனா நெபுலா ஒன்று. நெபுலா என்றால் விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். செம்மண் மலைச்சரிவு மாதிரி இருக்குமே, அது. சுமார் 7,600 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. தொலைநோக்கி அனுப்பியது கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் ஆறு வடிகட்டிகள் வழியாக எடுத்தவை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஜோசப் டிபாஸ்குவாலே, அலிசா பேகன் என்ற இருவர் இத்தகைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். இஷ்டத்துக்கு அல்ல. குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு. வானவில்லில் இருக்கும் அதே வரிசை. ஒரு கட்டையில் பாடியதை ஐந்து கட்டைக்கு ஏற்றிப் பாடினால் ராகம் மாறிவிடுமா? காதுக்கு எட்டாத சுருதியை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் படத்தில் ஒட்டுச்சரக்கே இல்லையா? உண்டு. பிரகாசமான நட்சத்திரங்களுக்கு எட்டு முனைகள் தெரியும், ஆறு நீளம், இரண்டு குட்டை. அவை நட்சத்திரத்துக்குச் சொந்தமில்லை. தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி, 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்தது. அதன் விளிம்புகளும், எதிரே துணை ஆடியைத் தாங்கும் மூன்று கம்பங்களும் ஒளியை வளைத்துப் போட்ட கோலம் அது. மருமகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் பிடித்ததைவிட நல்ல பாயிண்ட்.

கேள்வி: நவீன கலைக் கண்காட்சி என்று போனால் கயிறு, உடைந்த நாற்காலி, டியூப்லைட். இதில் வியக்க என்ன இருக்கிறது?
– வாசகர், ஈரோடு

பதில்: எல்லாவற்றையும் வியக்க வேண்டாம். பாதி எனக்கும் பிடிபடுவதில்லை. ஐந்து நிமிடம் கைகட்டி நிற்பேன், அப்புறம் டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஆனால் விளக்கையும் கண்ணாடியையும் வைத்தே ஒருவர் லண்டனில் சூரியனை இறக்கினார். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர். 2003இல், டேட் மாடர்ன் கலைக்கூடத்தில். அது பழைய மின் நிலையக் கட்டடம். அதன் பிரம்மாண்டமான டர்பைன் கூடத்தில் அரை வட்டமாக ஒரு திரை, அதன் பின்னால் மஞ்சள் விளக்குகள், மேற்கூரை முழுக்கக் கண்ணாடி. கீழே பாதி, கண்ணாடியில் மீதி, முழுச் சூரியன்! நடுவே மெல்லிய பனிமூட்டம். இருபது லட்சம் பேர் வந்தார்கள். பலர் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் எறும்பாகத் தெரிந்த தங்களுக்கே கையாட்டினார்கள்.

நான் படத்தில்தான் பார்த்தேன். ஆனால் அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். ஒரே அலைநீளம் மட்டும் உள்ள வெளிச்சத்தில் மற்ற வண்ணங்கள் செத்துப்போகும், மஞ்சளும் கறுப்புமே மிஞ்சும். நம் தெருக்களின் பழைய சோடியம் விளக்கு அந்த அளவு சுத்தம் இல்லை, இருந்தாலும் அதன் கீழே தீபாவளிக்கு நான் வாங்கிய சட்டை காபிப்பொடி நிறம், காலையில் பார்த்தால் அரக்கு. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எலியாசனிடம் எனக்குப் பிடித்தது, வித்தையை அவர் ஒளிக்கவில்லை. சூரியனுக்குப் பின்னால் நடந்து போனால் விளக்குகளைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: 2019 ஆகஸ்டில் சென்னையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தனவே, நல்ல சகுனமா?
– வாசகர், கடலூர்

பதில்: மீனுக்கு நல்லதில்லை. நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி அது. அலை மோதி அதைத் தொந்தரவு செய்தால் மின்னும். அளவுமீறிப் பெருகினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். அழகாக இருந்தது என்பதும் உண்மை, இதுவும் உண்மை.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகன் தொலைநோக்கி கேட்கிறான். எதை வாங்கலாம்?
– வாசகர், தர்மபுரி

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். பைனாகுலர் இரவல் கிடைத்தால் போதும். ஜனவரியில் இரவு எட்டு மணிக்கு, நிலா இல்லாத நாளாகப் பார்த்து, மொட்டைமாடியில் கிழக்கே பார்த்து நில்லுங்கள். உயரத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். இடப்பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை. மூன்றுக்கும் வலப்பக்கம் மங்கலாக ஒரு சிறு கூட்டம் இருக்கும். அதன் நடுவில் புகை படிந்தாற்போல் ஓர் இடம். அதுதான் ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். அந்த ஒளி கிளம்பி ஏறத்தாழ 1,350 வருடம் ஆகிறது. மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறை குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டு.

படத்தில் பார்த்த இளஞ்சிவப்பு தெரியாது, சாம்பல் நிறம்தான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு வண்ணம் பிடிபடாது. பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை யாரும் கைபேசியைத் தொடக் கூடாது. அப்பாவும்தான்.