கோல்ஃபில் பந்தைக் குழியை நோக்கி உருட்டி அடிக்கும் புட்டிங்கை வீட்டில் பழக எந்தப் பயிற்சிக் கருவி வாங்கலாம்? அதனால் ஆட்டம் உண்மையில் முன்னேறுமா?

முன்னேறும், சரியானதை எடுத்தால். பாய், கண்ணாடி, இருபுறமும் தடுப்பு வைத்த வழிகாட்டி, பந்தைத் திருப்பி அனுப்பும் சரிவு என்று நான்கைக் குறிப்பிட்டு, எதில் பணம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இவற்றை இரண்டாகத்தான் பிரிப்பேன். அடித்து முடித்த பிறகு என்ன நடந்தது என்று சொல்பவை ஒரு வகை. அடிக்கும்போதே கையைப் பிடித்து இழுத்துச் செல்பவை இன்னொரு வகை. முதல் வகையை வாங்குங்கள்.

தடுப்புகளுக்கு நடுவே புட்டரை (புட்டிங்குக்கான மட்டையை) ஆட்டும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். தடுப்பு இடித்து இடித்துத் திருத்துவதால் கை தானாகத் திருத்திக்கொள்ளப் பழகாது. தடுப்பை எடுத்ததும் பழைய கோணலே திரும்பி வரும். சல்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதற்கு நெருக்கமானது: பயிற்சியில் ஓயாமல் கிடைக்கும் தகவல் அந்த நேரத்து ஆட்டத்தைத் தூக்கிவிடும், அது நின்ற பிறகு அதே அளவு கைகொடுக்காது. ஆகவே நல்ல கருவியாக இருந்தாலும் நடுநடுவே எடுத்து வைத்துவிட்டு வெறுமனே சில பந்துகள் அடிப்பது அவசியம்.

இனி கணக்குக்கு வருவோம். குழியின் விட்டம் 4.25 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 2.125 அங்குலம். 10 அடி தூரத்தில் பந்து 1 டிகிரி விலகிக் கிளம்பினால் குழியை அடையும்போது ஏறக்குறைய 2.1 அங்குலம் விலகியிருக்கும், அதாவது விளிம்பில். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அதைத் தொடும் கணத்தில் புட்டரின் முகம் (பந்தில் படும் தட்டையான பக்கம்) எங்கே பார்க்கிறது என்பதுதான். புட்டர் வந்த பாதைக்குப் பங்கு குறைவு. பாதையைச் சீராக்குவதாகச் சொல்லும் கருவிகளில் எனக்கு ஆர்வம் இல்லாததற்கு இதுவே காரணம். நமக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றே: நினைத்த கோட்டில் பந்து கிளம்பியதா?

அதைச் சொல்ல 3 அடி நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள இரும்பு அளவுகோல் போதும். பலவற்றில் ஒரு முனையில் ஆணியில் மாட்டுவதற்கான துளை இருக்கும். பந்து அதில் அசையாமல் உட்காரும். அங்கிருந்து அடியுங்கள். மறுமுனை வரை விழாமல் உருண்டால் உங்கள் பிழை சுமார் 0.8 டிகிரிக்குள். 10 அடி நேர் புட்டுக்கு (வளையாமல் போகும் ஒரு புட்டிங் அடிக்கு) அது போதும். நடுவிலேயே சரிந்து விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று பாருங்கள். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். எந்த விலையுயர்ந்த கருவியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது என்பது என் உறுதியான கருத்து.

இதே வேலையை ஒரு வாசலும் செய்யும். பந்துக்கு 2 அடி முன்னால் 2.5 அங்குல இடைவெளியில் இரண்டு டீ குச்சிகளை (பந்தை மேலே வைத்து அடிக்கும் சிறு குச்சிகளை) நடுங்கள். 1 டிகிரியைத் தாண்டிய பந்து குச்சியில் இடிக்கும். பழகப் பழக 2 அங்குலமாகக் குறைத்தால் வரம்பு 0.4 டிகிரிக்கும் கீழே வந்துவிடும். பந்தின் விட்டமே 1.68 அங்குலம் என்பதால் அது கடுமையான சோதனை. வீட்டுத் தரையில் குச்சி நிற்காது, இரண்டு பேட்டரிகளை நிறுத்தி வைக்கலாம். டைகர் உட்ஸ் பழகும் வாசல் கொஞ்சம் வேறு: புட்டரின் தலை மட்டும் நுழையும் அளவுக்குப் பந்தின் இருபக்கமும் குச்சி. பந்து புட்டரின் நடுவில் படுகிறதா என்பதை அது காட்டும்.

கண்ணாடி நல்லதுதான், ஆனால் நிற்கும் நிலைக்கு மட்டும். கண்கள் பந்துக்கு மேலேயோ சற்று உள்ளேயோ இருக்கின்றனவா, தோள்கள் பந்து போகவேண்டிய கோட்டுக்கு இணையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடலாம்.

பாய் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். குழியை ஒரு மேட்டின் உச்சியில் வைத்திருக்கும் பாய்கள் ஏராளம். அந்த மேட்டை ஏற்றுவதற்காக ஒவ்வொரு பந்தையும் தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கப் பழகிவிடுவோம். வேகமாக வரும் பந்துக்குக் குழி சுருங்கிவிடும். ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியே போகும். குழியில் விழாவிட்டால் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே சிறந்தது என்பது புட்டிங் பயிற்சியாளர் டேவ் பெல்ஸின் கணிப்பு. வேகத்துக்குக் கருவி வேண்டுமென்றால் பரவளையச் சரிவு உள்ளதை எடுங்கள். குழியைத் தாண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்குமோ அதே தூரம் பந்தைத் திருப்பி அனுப்பும். ஓர் அடி, ஒன்றரை அடி திரும்பினால் சரியான வேகம்.

ஆனாலும் தூர உணர்வைப் பாயிலிருந்து அப்படியே கிரீனுக்கு (களத்தில் குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைக்கு) எடுத்துச் செல்ல முடியாது. கிரீனின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கியதுதான் ஸ்டிம்ப்மீட்டர்: சாய்த்துப் பிடித்த தவாளிப்பில் பந்தை உருட்டி, சமதரையில் எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பது. பாய் 11 அடி காட்டி நீங்கள் ஆடும் கிரீன் 8 அடி காட்டினால் எல்லாப் புட்டும் குறைவாகவே நிற்கும். நீண்ட புட்டுகளைக் களத்தில் மட்டுமே பழகுங்கள்.

வீட்டில் 8 அடியிலிருந்து பாதி போகாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் வீரர்களே அந்தத் தூரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள்.

கடைசியாக விதி பற்றி. ஆட்டத்தின்போது இந்தக் கருவிகளைப் பயன்படுத்தி அடிக்கக்கூடாது, கோல்ஃப் விதி 4.3 தடுக்கிறது. பந்தின் மேல் கோடு வரைந்துகொள்ளத் தடையில்லை. வீட்டில் பழகும் பந்துகளிலும் அதே கோட்டைப் போடுங்கள். கோடு தள்ளாடாமல் ஒரே வளையமாக உருண்டால் அடி சுத்தமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் களத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.