இடைவேளைக்குப் பிறகு நகராத திரைக்கதை

உங்கள் திரைக்கதை இடைவேளைக்குப் பிறகு, 62ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்; சிக்கல் இடைவேளைக் காட்சியில் இருக்கிறது. தங்கையின் நகையை அடகு வைத்தது தான்தான் என்று உங்கள் நாயகன் அங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். மறைக்க எதுவும் இல்லாதவன் அடுத்த ஒரு மணி நேரம் என்ன செய்வான்? நீங்கள் 3 மாதமாகத் திணறுவதில் வியப்பில்லை.

அந்த ஒப்புதலை எடுத்துவிட்டு, துணி துவைக்கும்போது சட்டைப்பையிலிருந்து அடகுச் சீட்டு அம்மா கையில் கிடைப்பதாக வையுங்கள். சீட்டை உலர்த்தி, மடித்து, அரிசிப் பானைக்குள் வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசக் கூடாது. இனி வரும் காட்சிகளை வசனமின்றி, ஒற்றை வரிகளாக 20 நிமிடம் எழுதிப் பாருங்கள். ஏழெட்டு வரி தானாக வந்தால், கதையை அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒப்புதல்தான்.

ஆனால் முதல் பாதியில் அம்மா காபி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இது எடுபடாது. அவளுக்கென்று அங்கேயே ஒரு காட்சி வேண்டும். பழைய பிரதியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.